நாட் அவுட் நார்மன் கொடுத்த ஒரு அவுட்

தார்ன்ஷாவில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு நார்மன் டோர்டாஃப் என்ற பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மீதிப் பாதி ஒழுங்காக டிக்கெட் வாங்கியவர்கள். அவர்களும் அவரைக் கண்டால் பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மனிதர் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். கம்பளி மில் வாசல், சர்ச்சுக்குப் பின்பக்கம், மழைக்காலத்தில் ஈ காக்கை இறங்காத மேட்டு ஸ்டாப் என்று எவனும் எதிர்பார்க்காத இடமாகப் பார்த்துத்தான் ஏறுவார்.

ஏறியதும் டிக்கெட் கேட்க மாட்டார். நின்று பார்ப்பார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறவனை விட்டுவிடுவார். அவன் சும்மா பராக்குப் பார்க்கிறவன். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தாங்க சார், இருக்கு" என்று இளிக்கிறான் பாருங்கள், அவன் பக்கத்தில் போய் நிற்பார். அந்த டிக்கெட் முந்தின ஸ்டாப்போடு முடிந்துபோனதாக இருக்கும். கேட்காமலே விவரம் சொல்கிறவனை நம்பக் கூடாது என்பது அவர் வேலையில் கற்றுக்கொண்டது. அது அவரை ஏமாற்றியதும் இல்லை.

இதே மனிதர் சனிக்கிழமை மதியம் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் வேறு ஆள். தார்ன்ஷா கிரிக்கெட் கிளப்பின் அம்பயர் அவர்தான். யார்க்ஷயரின் அந்தப் பக்கத்துச் சின்ன லீகில் ஒவ்வொரு கிளப்பும் தன் அம்பயரைத் தானே கூட்டி வரும். ஆகவே அம்பயர் என்றாலே சொந்த ஊர்க்காரனுக்குக் கைகொடுக்கிறவன் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. நார்மன்மேல் மட்டும் அந்தப் பேச்சு ஒட்டவில்லை. ஏனென்றால் அவர் யாருக்குமே லேசில் அவுட் கொடுக்க மாட்டார். உள்ளூர்க்காரனும் பிழைத்தான், வெளியூர்க்காரனும் பிழைத்தான். பந்து போடுகிறவர்கள்தான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். அவருக்கு 'நாட் அவுட் நார்மன்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

டவுட்டு என்கிற வார்த்தையை நாம் எப்படியெல்லாமோ இறைக்கிறோம். பாடத்தில் டவுட்டு, மருமகள்மேல் டவுட்டு, பால்காரன் தண்ணீர் கலக்கிறானோ என்று டவுட்டு. அந்த ஊர் மைதானத்துக் கோட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு உபயோகம்தான். நம்மூர்க் கோர்ட்டுத் தீர்ப்பில் வருமே, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்கிறோம் என்று, அதே சமாச்சாரம். அம்பயருக்கு இம்மி சந்தேகம் வந்தாலும் அதன் பலன் பேட்ஸ்மேனுக்கு. பந்து காலில் பட்டு, பட்டிராவிட்டால் ஸ்டம்பில் போய் விழுந்திருக்குமா என்று கேட்கிற எல்பிடபிள்யூவில் இதற்கு ரொம்ப வேலை. இது எல்லா அம்பயருக்கும் தெரிந்த விதிதான். நார்மன் அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

பக்கத்து ஊர் கிரிம்லியின் கேப்டன் கிரகாம் என்று ஒரு பையன், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல வேகப்பந்து வீச்சாளன். அவன் ஒருமுறை தாங்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"ஏன் நார்மன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. அது நடு ஸ்டம்பைப் பேத்திருக்காதா?"

"பேத்திருக்கும்னு நீ சொல்றே. எனக்கு டவுட்டு."

"உங்களுக்கு எப்பத்தான் டவுட்டு இல்ல?"

"டவுட்டு வந்தா அது என்னோடது இல்லப்பா. பேட்ஸ்மேனோட சொத்து. வந்த உடனே அவன் கையில குடுத்துடணும். நான் பாக்கெட்டுல போட்டு வச்சுக்கக் கூடாது."

வாரத்தில் ஐந்து நாள் ஊரையே சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவர், ஆறாம் நாள் இப்படிப் பேசினால் கிரகாமுக்குச் சிரிப்பு வராதா? சிரித்துவிட்டு அடுத்த பந்தைப் போடப் போனான். ஆனால் நார்மன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐந்து நாள் அழுக்கும் சனிக்கிழமை மதியம் கழுவி விட்டதுபோல இருக்கும் அவருக்கு.

அவர் மனைவி மேவிஸ். மில்லில் காலை வேலை, சனிக்கிழமைகளில் கிளப்பில் டீ, சாண்ட்விச், கேக் எல்லாம் அவள் பொறுப்பு. பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. அதிகம் பேசாத வீடு, அவ்வளவுதான். அவள் எங்கே போனாள், வந்தாள் என்று நார்மன் விசாரித்ததே இல்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஊரில் எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும். பஸ்ஸில் இருக்கிற கண்டக்டர்கள் எல்லோருக்கும் நார்மனிடம் நல்ல பேர் வாங்க ஆசை. "நேத்து உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கினாங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ஒருவன். "உங்க வீட்டம்மா புதுத் தொப்பி நல்லா இருக்கு சார்" என்று இன்னொருவன். எல்லாம் தானாக வந்து சேரும்.

எழுபத்து நான்காம் வருஷ வசந்த காலத்தில் ஒரு நாள் ஸ்டான்லி என்கிற கண்டக்டர், டிப்போவில் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்.

"உங்க வீட்டம்மாவைப் பாத்தே ரொம்ப நாளாச்சு சார். புதன்கிழமை தவறாம ஹாலிஃபாக்ஸ் சந்தைக்கு வருவாங்களே. சௌக்கியந்தானே?"

"சௌக்கியந்தான்" என்றார் நார்மன். அன்றைக்குப் புதன்கிழமை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மேவிஸ் உருளைக்கிழங்கை அவர் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, "இன்னிக்குச் சந்தையில ஒரே கூட்டம். நிக்க இடமில்ல" என்றாள்.

அவர் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். நார்மனின் கை முள்கரண்டியோடு அப்படியே நின்றது. பஸ்ஸாக இருந்தால் அந்த நிமிஷமே போய்ப் பக்கத்தில் நின்றிருப்பார். வீட்டில் நிற்கத் தெரியவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைத் தின்றார்.

அதற்கப்புறம் அந்த மனிதருக்குக் கண்ட இடமெல்லாம் சந்தேகம். புதன்கிழமை மதியம் ஊரில் கடைகளுக்கு அரைநாள் லீவு. எல்லாக் கடைக்காரனும் சும்மா இருக்கிற நேரம். அது ஏன் புதன்கிழமை? மேவிஸ் பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். அது என்ன புதுப் பழக்கம்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் பஸ்ஸில் போனால், அவள் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து அவன் கையையும் காலையும் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். நார்மன் அந்த டிரைவரையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டார். அவனுக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி. பாவம், ஒன்றுமறியாத கிழவன்.

சரியான ஆளைக் காட்டிக் கொடுத்தவனும் ஒரு டிரைவர்தான். மேட்டு ரூட்டில் ஓடுகிறவன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஒதுக்கு ரோடு இருக்கிறது, ஆடுகளைத் தவிர யாரும் போவதில்லை. ஒரு புதன்கிழமை மதியம் அங்கே டெரிக் ஹாயிலின் வேன் நின்றதாகவும், உள்ளே இரண்டு பேர் இருந்ததாகவும் சொன்னான். "இன்னொரு ஆள் யாருன்னு நான் பாக்கல சார்" என்று வேறு சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். நார்மனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

டெரிக் ஹாயில் ஊர்க் கறிக்கடைக்காரர். தார்ன்ஷா கிளப்பின் கேப்டனும் அவர்தான். மனைவி தவறி நாலு வருஷம். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. பெண்கள் கடைக்கு வந்தால் கறியோடு ஒரு கண்ணடிப்பும் இலவசம். சனிக்கிழமை டீ சாண்ட்விச்சுக்கு வேண்டிய ஹாம் கறி அவர் கடையிலிருந்துதான் வரும். அவரே கொண்டுவந்து மேவிஸ் கையில் கொடுப்பார். அத்தனை வருஷமும் நார்மன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போதுதான் அதில் விஷயம் இருப்பதாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பப்பில் நார்மனோடு நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். டெரிக் உள்ளே வந்தார்.

"நம்ம அம்பயருக்கு ஒரு பீர் ஊத்துங்கப்பா, என் கணக்குல. இந்த சீசன்ல மனுஷன் எனக்கு ஒரு தடவைகூட எல்பி குடுக்கல."

"அவர் யாருக்குத்தான் குடுத்தார்?" என்றான் ஒருவன்.

"அதுவும் சரிதான். கண்ணு முன்னாடி நடந்தாக்கூட நார்மனுக்கு டவுட்டுதான்" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா சிரிப்புதான். வருஷக்கணக்காக அந்த மேஜையில் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நார்மனுக்கு அந்தச் சிரிப்புக்கு உள்ளே இன்னொரு சிரிப்பு கேட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும்தான் தெரியாது என்று தோன்றியது. டெரிக் வாங்கிக் கொடுத்த பீரைத் தொடாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மேவிஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் கை நீட்டிக் கேட்கிற மனிதர், சொந்தப் பெண்டாட்டியிடம் கேட்க என்ன கேடு? பயம். வேறு ஒன்றுமில்லை, பயம்தான். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் யார் அடுப்பைப் பற்றவைப்பது, யாருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேவிஸ் இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று மாதம் ஓடிப்போனது.

ஜூலையில் கிரிம்லியோடு ஆட்டம். சனிக்கிழமை. காலையில் தூறிவிட்டு மதியம் வெயில் வந்தது. இரண்டு பேருமாகத்தான் மைதானத்துக்கு நடந்தார்கள். மேவிஸ் கையில் மூடி போட்ட ஒரு பெரிய டப்பா. கேட் பக்கம் வந்ததும் அவள் நின்றாள்.

"நார்மன், இன்னிக்கு ராத்திரி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"ராத்திரி சொல்றேன். ஆட்டம் முடியட்டும்."

அவள் முகம் சிவந்திருந்தது. சட்டென்று திரும்பி டீ ரூமுக்குள் போய்விட்டாள். நார்மன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். போகப் போகிறாள். ராத்திரி சொல்லப் போவது அதுதான். வேறென்ன இருக்க முடியும்?

அன்றைக்கு தார்ன்ஷா முதலில் பேட்டிங். டெரிக் இறங்கி அடி வெளுத்துக்கொண்டிருந்தார். நார்மன் நிற்கிற பக்கம் ஓடி வரும்போதெல்லாம், "நல்ல வெயில் நார்மன்" "கிரகாம் இன்னிக்கு ஒரு மாதிரியா போடறான் நார்மன்" என்று பேச்சு வேறு. நார்மனின் கண் டீ ரூம் பக்கமே போனது. டீ ரூம் ஜன்னல் திறந்திருந்தது. மேவிஸ் அதில் சாய்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள். டெரிக் ஒரு பந்தைச் சாலைக்கு அடித்தபோது கையைத் தட்டினாள். எல்லோரும்தான் தட்டினார்கள். நார்மன் கண்ணில் பட்டது அவள் கை மட்டும்தான்.

கிரகாம் ஓடி வந்து போட்டான். பந்து உள்ளே திரும்பியது. டெரிக் முன்காலை நீட்டி அடிக்கப் பார்த்தார், படவில்லை, பந்து காலில் பட்டு ஓடியது. பந்து போன திசைக்கு லெக் ஸ்டம்பைத் தாண்டி இன்னும் ஒரு ஸ்டம்பு நட்டாலும் அதிலும் படாது. டெரிக் வேறு அவ்வளவு தூரம் முன்னால் வந்திருந்தார். குழந்தைகூட நாட் அவுட் என்று சொல்லும். கிரகாமுக்கும் தெரியும். பழக்கதோஷத்தில் பாதித் தொண்டையில், "ஹவ்ஸ் தட்?" என்று கேட்டுவைத்துவிட்டுப் பந்தை எடுக்கத் திரும்பிவிட்டான். விக்கெட் கீப்பர் வாயே திறக்கவில்லை.

நார்மன் விரலைத் தூக்கினார்.

கிரகாமின் முதுகு இந்தப் பக்கம் இருந்தது, அவன் பார்க்கவில்லை. டெரிக்தான் முதலில் பார்த்தார். ஒரு நொடி சிரித்தார், நார்மன் விளையாடுகிறார் என்று நினைத்து. விரல் இறங்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. அம்பயர் விரலைத் தூக்கிவிட்டால் வாயைத் திறக்காமல் நடந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் மரியாதை. டெரிக் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நாலு அடி போய் ஒருமுறை திரும்பி நார்மனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் தலை மெதுவாக டீ ரூம் ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொரு தலை. பிறகு எல்லாத் தலையும். அணைக்கட்டு ரோட்டுச் சேதி அதுவரை ஊரில் அரசல் புரசலாக இருந்தது. பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேருக்கு அக்கறை இல்லை. நாட் அவுட் நார்மன் தன் சொந்தக் கேப்டனுக்கு இப்படி ஒரு அவுட் கொடுத்த பிறகு யாருக்கும் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. பெண்டாட்டியின் மானத்தை அந்த விரல் நடுமைதானத்தில் ஏலம் போட்டுவிட்டது.

கிரகாம் கிட்டே வந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"நார்மன், நான் சும்மா வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அப்பீலை வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவரைக் கூப்பிட்டுக்கலாம்."

அதற்கு விதியில் இடம் உண்டு. பேட்ஸ்மேன் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டால் போதும். டெரிக் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தார். 'சரி' என்று சொல்ல நார்மனுக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினார்.

"அவுட்டுன்னா அவுட்டுதான். பந்தை எடுத்துட்டுப் போ."

"அது எங்கயோ போன பந்து நார்மன்."

"நீ அம்பயரா, நான் அம்பயரா?"

டெரிக் கோட்டைத் தாண்டினார். யாரும் கை தட்டவில்லை. அடுத்து ஆட வேண்டியவர் ஊர் பிளம்பர். அவர் பேட்டும் கையுமாகப் பெவிலியன் படியில் நின்றுகொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று விழித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு மேவிஸ் வெளியே வந்தாள். ஏப்ரனோடு, கையில் பாத்திரம் துடைக்கிற துணியோடு, நேராக மைதானத்துக்குள் நடந்தாள். ஆட்டம் நடக்கும்போது ஆடாதவர்கள் புல்லில் கால் வைத்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

விக்கெட் வரைக்கும் வந்து நார்மனுக்கு எதிரே நின்றாள்.

"என்ன நார்மன், அவுட்டா?"

"மேவிஸ், வெளிய போ. ஆட்டம் நடக்குது."

"ஆட்டம் எங்க நடக்குது? எல்லாரும் என்னையத்தானே பாத்துட்டு நிக்கறாங்க."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"நீ இங்க பேசிட்டே. நானும் இங்கயே பேசிடறேன். புதன்கிழமை நான் எங்க போறேன்னு தெரியணும், அவ்வளவுதானே? டெரிக் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தார். மேல அணைக்கட்டு ரோட்டுல. இந்தப் புதன்கிழமை டெஸ்ட்டு. பாஸாயிட்டேன். அதைத்தான் ராத்திரி சொல்லணும்னு இருந்தேன். கேக் வேற பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன், பைத்தியக்காரி."

நார்மனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் அப்புறம்தான் வந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒரேயடியாக இறங்கியது. சிரித்துவிடக்கூடப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டது:

"அப்படீன்னா... ஒண்ணும் இல்லையா?"

மேவிஸ் அவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையான்னு கேக்கறே."

"இல்ல மேவிஸ், நான்... நீ ஏன் என்கிட்ட மறைச்சே? சந்தைக்குப் போனேன்னு ஏன் பொய் சொன்னே?"

"எனக்கே எனக்குன்னு ஒரு விஷயம் வேணும்னு ஆசையா இருந்தது, அதான். இருவத்திரண்டு வருஷமா நான் எந்த ஸ்டாப்புல ஏறினேன், எங்க இறங்கினேன், எவகூட நின்னு பேசினேன், எல்லாம் எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா நான் சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியும். தொப்பி வாங்கினா நீ பாக்கறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியும்."

"நான் யாரையும் கேக்கல. அவனுங்களா வந்து சொல்றானுங்க."

"அதான் நானும் சொல்றேன். அவனுங்களையும் கேக்கல, என்னையும் கேக்கல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன். எவன் எவனுக்கோ டவுட்டைத் தூக்கிக் குடுத்தே, முகம் தெரியாதவனுக்கெல்லாம். எனக்குன்னு வந்தப்ப மட்டும் உனக்குக் குடுக்க மனசு வரல."

நார்மன் டெரிக் பக்கம் கையைக் காட்டினார்.

"கூப்பிட்டுடறேன். தப்புதான். அவரைத் திரும்பக் கூப்பிட்டுடறேன். கிரகாம், நீ சொன்னியே..."

"கோட்டைத் தாண்டிட்டாரே நார்மன்" என்றான் கிரகாம். அவனுக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. "இனிமே முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த லீகில் அவரைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

மேவிஸ் ஏப்ரனை அவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கிரகாம் கையில் கொடுத்தாள். "தம்பி, அங்க அடுப்புல தண்ணி கொதிச்சிட்டு இருக்கு. யாரையாவது அணைக்கச் சொல்லு. சாண்ட்விச் ஈரத்துணி போட்டு மூடியிருக்கேன்."

"எங்க போறே?" என்றார் நார்மன்.

"எந்தக் கண்டக்டரும் உன்கிட்ட வந்து சொல்ல முடியாத இடத்துக்கு."

வந்த வழியே நடந்தாள். பெவிலியன் படியில் டெரிக் காலில் பேடோடு நின்றிருந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கினார், என்னவோ சொன்னார், அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். கறிக்கடை வேன் ஒருமுறை திணறிவிட்டுக் கிளம்பியது. மைதானத்தை ஒட்டிப் போகிற மேட்டுச் சாலையில் ஏறி, மில்லைத் தாண்டி, வளைவில் அடுத்த கியருக்கு மாறுகிற சத்தம் கேட்டது. இழுத்துப் பறிக்காமல், ஒழுங்காக மாறியது.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஆனால் அம்பயர் ஆட்டம் முடியும்வரை மைதானத்தை விட்டுப் போகக் கூடாது. அவர் அப்படியே பழகியவர். போகலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பிளம்பர் இறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து விக்கெட் முன்னால் நின்று, பேட்டை நிமிர்த்திப் பிடித்தார். தான் எந்த ஸ்டம்புக்கு நேராக நிற்கிறோம் என்று அம்பயரைக் கேட்டுக் கோடு போட்டுக்கொள்வது புதிதாக வருகிறவர்கள் வழக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனையோ பேருக்கு நார்மன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"நடு ஸ்டம்புக்கு நேரா இருக்கேனா நார்மன்?"

நார்மன் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கண்ணீர் நிற்கவில்லை, மூன்று ஸ்டம்பும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

"எனக்குத் தெரியலப்பா" என்றார். "நீயே பாத்து நின்னுக்கோ."